பெயர் வைத்தவரும் பெயர் சுமந்தவரும்

அத்தியாயம் 17

ஒரு காட்டில், புலி செத்து வெகுகாலம் ஆன பின்னும் தாம் நடக்கும் பாதைக்குப் புலிவழி என்றே பெயர் இருப்பதை மான்களால் பொறுக்க முடியவில்லை. வழியின் முகப்பிலிருந்த பாறையில் அந்தப் புலியின் உருவமும் தீட்டப்பட்டிருந்தது. மான்கள் நரியிடம் முறையிட்டன. நரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு சுண்ணாம்பு கொண்டுவரச் செய்து, புலியின் உடம்பிலிருந்த வரிகளை மட்டும் அழித்தது. "இனி இது புலியே அல்ல, நிம்மதியாகப் போய்வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியது. மான்கள் பாறையை நிமிர்ந்து பார்த்தன. பற்கள் அப்படியே இருந்தன.

அல்லிப்பேட்டில் அன்று காலை நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

தெருமுனைப் பலகையின் முன்னால் ஏணி சாய்த்து நின்ற ஆள், 'கோதண்டபாணி' என்ற பெயருக்கும் 'தெரு' என்ற சொல்லுக்கும் நடுவே இருந்த சாதிப் பெயரை நீல வண்ணத்தால் மூடிக்கொண்டிருந்தான். அங்கன்வாடிக்குப் புறப்பட்ட சாராள் அதைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினாள்.

"இன்னாப்பா பண்ற?"

"சாதிய அடிக்கிறேன் யக்கா. ஆர்டரு."

"சாதிய அடிக்கிற, சரி. ஆள இன்னாத்துக்கு வுட்டு வச்சிக்கிற?"

"என்னாண்ட வால அடின்னாங்க. தலய அடிக்கச் சொல்லல" என்று சொல்லி, அவன் தூரிகையை டப்பாவில் தோய்த்தான்.

சாராளுக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ற வாரம் தெருவிலுள்ள எல்லா வீடுகளிலும் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவள் அவள். சாதிப் பெயரோடு அந்த மனிதரின் பெயரையும் எடுத்துவிட வேண்டும் என்பதே மனு. அது குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் அன்று மாலைதான் நடக்கவிருந்தது. கூட்டம் கூடுவதற்கு முன்பே வண்ணம் உலர்ந்துவிடும்போலிருந்தது.

கோதண்டபாணி என்பவர், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய வரை நிலம் வைத்திருந்த மிராசுதாரர். அவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியிருக்கும் தெருவுக்கு அவர் பெயர் வந்ததே ஒரு பொய்யால்தான். வீட்டுமனைகளை அவர் தானமாகக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அரசாங்கம் விலை கொடுத்து வாங்கிய நிலம் அது. வாங்கியவர்கள் மறந்துவிட்டார்கள்; விற்றவர் வள்ளல் ஆகிவிட்டார்.

அவள் அங்கன்வாடிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினாள். கணவர் சின்னராசு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றின் வாயிற்காவலில் பல்லாண்டு நின்று ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர்.

"பலகைல சாதிய மட்டும் மூடிட்டாங்க. அந்தாளு பேரு பளிச்சுனு கீது" என்றாள்.

"பாத்தேன்."

"பாத்துட்டா சட்டய தேச்சிகினு கீற?"

"சாயங்காலம் பேசணுமில்ல. அதுக்குத்தான்."

சாராள் அவர் முகத்தைப் பார்த்தாள். "பேசுவியா?"

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது.

மனுவில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. தம் நிலத்தில் உழைத்த கூலியாட்களின் குழந்தைகளுக்குப் பெற்றோர் பெயரிட அந்த மிராசுதாரர் விட்டதில்லை. குழந்தையைக் களத்துமேட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, தாமே இழிவான பெயர்களைச் சூட்டினார் என்பது அது. "சாட்சி யார்?" என்று பேரூராட்சியில் கேட்டிருந்தார்கள். அப்படிப் பெயர் சுமந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்குத் தகப்பன் பெயரை அப்படிச் சபையில் சொல்ல வாய் வரும்?

சின்னராசு தம் தகப்பனார் பெயர் மாணிக்கம் என்றே தொழிற்சாலையில் சொல்லியிருந்தார். மகன் ஜெபக்குமாரிடமும் அப்படியே சொல்லியிருந்தார். வீட்டில் உண்மைப் பெயரை அறிந்தவள் சாராள் ஒருத்திதான்; தெருவில் அறிந்த பெரியவர்கள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஜெபா வருவான் கூட்டத்துக்கு. அவன் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு பாக்கிறியா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"அவன் பொறந்தப்போ, தாத்தன் பேர வைக்கலாமான்னு கேட்ட. நான் வேணான்னேன். நினப்பு கீதா?"

"கீது."

"இத்தன வருசம் மறச்சத இன்னிக்கு ஊரு முன்னால அவுத்து வுடணும்" என்றார்.

*

ஜெபக்குமார் அந்த நேரம் மறைமலைநகரில், இரவுப் பணி முடிந்த தொழிலாளர்களை இறக்கிவிட்டு வந்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். வண்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் 'கோதண்டபாணி டிராவல்ஸ்' என்று எழுதியிருந்தது. உரிமையாளர் வெங்கடேசன், அந்த மிராசுதாரரின் பேரர். நிலமெல்லாம் மனைகளாகப் போன பிறகு, மிஞ்சியதில் வண்டிகள் வாங்கித் தொழிற்சாலைகளுக்கு ஓட்டிப் பிழைத்தவர். உழைப்பாளி. ஓட்டுநர்களோடு நின்றபடியே நாஸ்தா சாப்பிடுகிறவர். அதனால்தான் ஜெபக்குமாருக்கு அவரைப் பகைத்துக்கொள்வது கடினமாக இருந்தது.

"ஜெபா, இங்க வா."

"சொல்லுங்க மொதலாளி."

"சாயங்காலம் உங்க நைனா பேசப்போறாராமே."

"தெரியாதுங்க. என்னாண்ட ஒண்ணும் சொல்லல."

"உங்கம்மா வூடு வூடா போயி கையெழுத்து வாங்குனது ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா? சாதிய எடுக்கணும்னாங்க, சரின்னு வுட்டுட்டேன். காலம் மாறிடுச்சி. ஆனா இப்ப ஆளையே எடுக்கணும்ன்றீங்களே. எங்க தாத்தா உங்களுக்கு இன்னாடா பண்ணாரு?"

"அது பெரியவங்களுக்குத்தான் தெரியுங்க."

"அவரு பேர வச்சித்தான் இந்தத் தொழிலு நடக்குது. அந்தப் பேருல கம்பெனிக்காரன் நம்பிக்கை வச்சிக்கிறான். நாளைக்குப் பேப்பர்ல அவரு கொடுமக்காரருன்னு வந்தா, எனக்கு எவ்ளோ பேஜாரு, யோசிச்சியா?" வெங்கடேசன் குரலை உயர்த்தவில்லை. "உங்க நைனாகிட்ட சொல்லு. அவரு வாயத் தொறந்தா, நாளைலேர்ந்து நீ இந்த வண்டில ஏற வேணாம். சாவிய வச்சிட்டுப் போயிடு."

"இது நியாயமாங்க?"

"செத்துப்போனவரப் பத்தி இல்லாததும் பொல்லாததும் பேசறது நியாயமா?"

ஜெபக்குமார் ஈரத்துணியைப் பிழிந்தான். துணியில் இனிப் பிழிய ஒன்றுமில்லாத பின்னும் பிழிந்துகொண்டே இருந்தான். தாத்தனுக்காகப் பேரன் சினப்பதைக் குறை சொல்ல முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால், பேசினால் பிழைப்பைப் பறிப்பேன் என்று சொல்கிற உரிமை மட்டும் தாத்தனிடமிருந்து பேரனுக்கு எப்படி வந்தது? நிலம் கைமாறிவிட்டது. அந்த உரிமையை எந்தப் பத்திரத்தில் எழுதி வைத்தார்கள்?

*

பேரூராட்சிச் சமுதாயக் கூடத்தில் மாலை மூன்று மின்விசிறிகள் ஓடின. ஒன்று சத்தம் மட்டும் போட்டது. செயல் அலுவலர் சம்பத் நல்ல மனிதர். யாருடைய மனமும் நோகாமல் கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்ற ஒரே இலட்சியத்தோடு வந்திருந்தார். நம் நாட்டில் அநீதிகள் நெடுங்காலம் நிலைப்பதற்கு இந்த இலட்சியத்தைவிட உறுதியான தூண் வேறில்லை.

முன்வரிசையில் வெங்கடேசன் அமர்ந்திருந்தார். அவர் அருகே அவருடைய அத்தை; வேண்டா என்பது அவர் பெயர். மிராசுதாரரின் கடைசி மகள். கணவர் இறந்த பின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். தாத்தாவின் பெருமைக்கு உயிருள்ள சாட்சியாக வெங்கடேசன் அவரைக் காரில் அழைத்து வந்திருந்தார். கோயிலுக்குப் போவதுபோல் பட்டுப் புடவை உடுத்தி, கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார் அந்த அம்மாள்.

முதலில் வெங்கடேசன் பேசினார். நிலதானம், குளம் வெட்டியது, பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியது என்று அடுக்கினார். "இவங்க சொல்ற மாதிரி அவரு யாருக்கும் கெட்ட பேரு வைக்கல. வச்சாருன்னா ஒரு ஆளாவது எழுந்து சொல்லட்டும்" என்று முடித்தார்.

சம்பத் கூட்டத்தைப் பார்த்தார். "யாராவது இருக்கிறீர்களா?"

சின்னராசு எழுந்தார். தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாய் திறந்தார். அப்போது வாசலில் ஜெபக்குமார் வந்து நின்றதைக் கண்டார். வாய் மூடிக்கொண்டது.

"சொல்லுங்க பெரியவரே" என்றார் சம்பத்.

சின்னராசு நின்றுகொண்டே இருந்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வெங்கடேசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வெங்கடேசனின் மிரட்டலை ஜெபக்குமார் மதியமே கைபேசியில் வீட்டுக்குச் சொல்லியிருந்தான். தன் பிழைப்புக்காகத்தான் தந்தை தயங்குகிறார் என்று நினைத்தான். கூட்டத்தின் நடுவே நடந்து வந்து, வண்டிச் சாவியை வெங்கடேசனுக்கு முன்னாலிருந்த மேசைமேல் வைத்தான். "டீசல் ரொப்பிட்டேன். பின் டயருக்குக் காத்து புடிக்கணும்" என்றான். பிறகு தந்தையைப் பார்த்து, "நீ பேசு நைனா. நம்ம சோத்துக்கு இன்னா கொறச்ச" என்றான்.

பிழைப்பு என்ற தடை நீங்கிவிட்டது. மற்றது நீங்கவில்லை. மகன் அத்தனை பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டு நின்றதால், அது முன்னைவிடக் கனத்தது. சாராள் எழுந்து கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கப்பா பேரு மாணிக்கம் இல்லீங்க" என்றார் சின்னராசு. அதை அவர் அலுவலரிடம் சொல்லவில்லை; மகனிடம் சொன்னார். "எங்கப்பா பேரு மண்ணாங்கட்டி."

கூடத்தில் ஒருவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

"சிரிப்பு வரும். சிரிக்கணும்னுதான் மிராசுதாரு வச்சாரு. எங்க பாட்டன் எங்கப்பாவுக்கு முருகன்னு வைக்க நினச்சாராம். களத்துமேட்டுக்குத் தூக்கினு போனப்போ, முருகன்னு உன் புள்ளைய நான் கூப்புடணுமான்னு கேட்டுட்டு, காலுக்குக் கீழ கெடந்தத பாத்து இந்தப் பேர வச்சாரு. எங்கப்பா சாவற வரிக்கும் அந்தப் பேருலதான் ஏர் ஓட்னாரு. நான் பொறக்கப்போறேன்னு தெரிஞ்சதும் எங்கம்மாவ ராத்திரியோட ராத்திரியா கோவளத்துக்கு இட்டுகினு போயி, சொந்தக்காரங்க வூட்ல வச்சிகினு, அங்கியே எனக்குப் பேரு வச்சாரு. சின்னராசு. களத்துக்குத் தூக்கினு போவல. அதுக்காக ரெண்டு போகம் களத்துமேட்ட மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கப்பா கடக்கரைல மீன் கூடை தூக்குனாரு. ஒரு பேருக்காக. ஒரே ஒரு பேருக்காக."

அவர் அமர்ந்துவிட்டார். மகனைப் பார்க்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழாமலே சொன்னார்: "எங்க பெரியப்பா பேரு எச்சி." சுவரோரமாக நின்ற ஒரு பெண், "எங்க அத்த பேரு குப்ப. கல்யாணத்துக்கு அப்புறம் ரெஜினான்னு கூப்ட்டோம்" என்றாள்.

வெங்கடேசன் எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது; ஆனால் பேச்சு தடுமாறவில்லை. "சார், அந்தக் காலத்துல எல்லா வூட்லயும் இப்படிப் பேரு உண்டு. கொழந்த நெலைக்கணும், கண்ணு படக் கூடாதுன்னு வைப்பாங்க. பெத்தவங்களே வைப்பாங்க. எங்க தாத்தாவும் அப்படி ஆசையா வச்சிருக்கலாம். அதப் போயி கொடுமன்றாங்க."

சம்பத்துக்கு இந்த விளக்கம் பெரிய ஆறுதலாக இருந்தது. "அப்படியும் பார்க்கலாம்" என்று தலையசைத்தார்.

"அப்படிப் பாக்க முடியாது" என்றது ஒரு குரல்.

வேண்டா எழுந்து நின்றிருந்தார்.

"அத்த, நீ ஒக்காரு."

"ஒக்காந்துதானே இருந்தேன் இத்தன நாளு." அந்த அம்மாள் அலுவலரைப் பார்த்தார். "ஆசையா வச்ச பேருன்றான் என் அண்ணம் புள்ள. நான் அவருக்கு நாலாவது பொண்ணு. பொறந்து பதினாறாம் நாளு, எங்கம்மா என்னா பேருன்னு கேட்டாங்களாம். வேண்டான்னாரு. பெத்த மகளுக்கு ஆசையா வச்ச பேரு அது. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கூப்புடறப்பல்லாம் பசங்க சிரிப்பானுங்க. என் புருசன் மட்டுந்தான் வேற பேரு சொல்லிக் கூப்ட்டாரு. அது இன்னான்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"களத்துமேட்ல நான் அவரு பக்கத்துல கட்டில்ல ஒக்காந்திருப்பேன். சின்னப் பொண்ணு. நெல்லு அளக்கற அன்னிக்கிதான் புள்ளய கொண்டாரச் சொல்லுவாரு. பேரச் சொல்லிட்டு சுத்திப் பாப்பாரு. எல்லாரும் சிரிக்கணும். கணக்கப்புள்ள சிரிப்பாரு, காவக்காரன் சிரிப்பான். பெத்தவனும் சிரிக்கணும். அவன் சிரிக்கலன்னா கூலி அளக்கற மரக்கா கொறயும். இந்தக் கண்ணால பாத்தேன். கண்ணு படக் கூடாதுன்னு வைக்கிறவங்க யாரும் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க."

இழிவைச் சுமத்துவது ஒரு கொடுமை. சுமக்கிறவனைச் சிரிக்கவும் செய்வது வேறொரு கொடுமை. முதலாவதற்குச் செல்வமும் அதிகாரமும் போதும். இரண்டாவதற்கு ஈரமற்ற நெஞ்சும் வேண்டும். அத்தகைய நெஞ்சுக்கு உரியவரின் பெயர், அவர் சிரிக்கவைத்தவர்களின் வாசலிலேயே நீலப் பலகையில் அரை நூற்றாண்டு நின்றிருக்கிறது. எத்தனை குழந்தைகள் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருப்பார்கள்!

சம்பத் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சரி. பழைய பெயரை எடுப்பதென்றே வைத்துக்கொள்வோம். புதிதாக என்ன பெயர் வைப்பது? மனுவில் அது இல்லையே."

மல்லிகைத் தெரு என்று ஒருவர் சொன்னார். ஒரு தலைவரின் பெயரை இன்னொருவர் சொன்னார். ஜெபக்குமார் தந்தையின் தோளில் கை வைத்தபடி நின்றிருந்தான்.

"எங்க தாத்தா பேர வைங்க" என்றான்.

"மாணிக்கம் தெருவா? நல்ல பெயர்தான்."

"மாணிக்கம் இல்ல சார். மண்ணாங்கட்டி தெரு."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சின்னராசு தலை நிமிர்ந்து, காலையிலிருந்து முதன்முறையாக மகனை நேராகப் பார்த்தார்.

சம்பத் சங்கடப்பட்டார். "தம்பி, உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் இழிவான பொருள் தரும் பெயர்களைத் தெருவுக்கு வைக்கக் கூடாது என்றிருக்கிறது. நான் விதியை மீற முடியாது."

"அப்படின்னா வச்சவரு பேரு பலகைல இருக்கலாம். செமந்தவரு பேரு இருக்கக் கூடாது. அதானே சார் உங்க விதி?" என்று சாராள் கேட்டாள்.

"நான் அப்படிச் சொல்லவில்லையம்மா."

"வேற எப்படிச் சொன்னீங்க, சொல்லுங்க."

சம்பத் மனுவை மடித்தார். "மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வரும் வரை பலகை இப்போது உள்ளபடியே இருக்கும்" என்று எழுந்தார். நல்ல மனிதர். போகும்போது எல்லோரையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

*

வெங்கடேசன் சாவியை எடுத்துக்கொண்டார். அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கார் கிளம்பும் சத்தம். வேண்டா படிக்கட்டில் நின்று, அது சாலை வளைவில் மறையும் வரை பார்த்தார்.

"வுட்டுட்டுப் போய்ட்டாரே" என்றான் ஜெபக்குமார்.

"கோவக்காரன். அவங்க தாத்தன் மாதிரி" என்றார் வேண்டா. பிறகு தம்மையே திருத்திக்கொண்டார்: "இல்ல, அவ்ளோ இல்ல. இவன் எனக்குச் சாப்பாட்ட மறுக்க மாட்டான்."

சாராள் தயங்கவில்லை. "வாங்கம்மா, வூட்டுக்குப் போலாம். ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம்."

கூடத்திலிருந்து தெருவுக்குக் கூப்பிடு தூரம்தான். அந்தக் கூப்பிடு தூரத்தை மிராசுதாரர் வீட்டுப் பெண்கள் எவரும் நடந்ததில்லை. வேண்டா செருப்பை மாட்டிக்கொண்டார். சின்னராசு முன்னே நடந்தார். அந்த அம்மாள் பின்னே வந்தார். வாசல்களில் கோலத்துக்கும் துவைத்த துணிக்கும் நடுவே நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் வணங்கவில்லை. அதை அந்த அம்மாள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சாராள் கொடுத்த காபியை அவர் சூடாகவே குடித்தார். "சக்கர தூக்கல்" என்றார். "உங்களுக்காகப் போட்டது" என்றாள் சாராள். "எனக்குச் சக்கர வியாதி. பரவால்ல, குடு."

சின்னராசு சுவரோரமாக நின்றிருந்தார். ஜெபக்குமார் அவர் அருகில் போனான்.

"ஏன் நைனா என்னாண்ட மறச்ச?"

"நீ பள்ளிக்கூடம் போவும்போது எவனும் சிரிக்கக் கூடாதுன்னு."

"முருகன்னு வைக்க நினச்சாங்களா அவருக்கு?"

"ம்."

அவன் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். 'மொதலாளி' என்று வந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"போடு" என்றார் வேண்டா.

அவன் ஒலிபெருக்கியைப் போட்டான். வெங்கடேசனின் குரல் அறையெங்கும் கேட்டது. அதில் பகல் நேரத்து நிதானம் இல்லை.

"ஜெபா, எங்க அத்த உன்கூட கீறாங்களா? திரும்பி வந்து பாத்தா கூடம் பூட்டிக் கெடக்குது. மாத்திர போடற நேரம் அவங்களுக்கு. எங்க கீறாங்க?"

ஜெபக்குமார் பதில் சொல்ல வாயெடுத்தான். வேண்டா கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"இங்கதான்டா கீறேன்."

"இங்கன்னா எங்க அத்த? எந்தத் தெரு?"

அந்த அம்மாள் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். வாசல் வழியே வெளியே பார்த்தார்.

"மண்ணாங்கட்டி தெரு" என்றார். "வழி தெரியலன்னா, யாரையாவது கேட்டுகினு வா."